குழந்தையின் உயரத்தில் ஒரு வகுப்பறை: மரியா மாண்டிசோரி



நம் பங்குகளில் பள்ளிக்கூடம் என்று பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி, பணம் எவ்வளவு இருக்கிறது என்பது. அடுத்த கேள்வி, கட்டடம் எத்தனை மாடி என்பது. அந்த அறையில் உட்காரப்போகும் நான்கு வயதுக் குழந்தையின் கால் தரையைத் தொடுமா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் முன்பு உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், கையில் போதிய பணம் இல்லாத நிலையிலும் இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டார் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. அவருடைய வாழ்வைத்தான் இந்த வாரம் நாம் சிந்திக்க இருக்கிறோம். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

பெயர் நமக்குப் புதிதல்ல. சிறு நகரங்களில்கூட மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் இந்தச் சொல்லைப் பார்க்கிறோம். கட்டணம் அதிகம் வாங்கும் பள்ளி என்பதற்கு அடையாளமாகவே இது பல இடங்களில் ஆகிவிட்டது. கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காக, மேசை வாங்கப் பணம் ஒதுக்கப்படாத ஓர் அறையில் தொடங்கியது என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படைவோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்தே நிறையப் படிக்கும் பழக்கமுள்ளவர், பக்தியுள்ளவர். மகள் ஆசிரியை ஆக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பெண்பிள்ளைக்கு அன்று திறந்திருந்த மதிப்பான வேலை அது ஒன்றே. மகளோ முதலில் பொறியியல் பக்கம் போய், பிறகு மருத்துவம் படிக்க முடிவு செய்தார். தாய் துணை நின்றார். 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவரான முதல் பெண்களுள் அவரும் ஒருவர். ஆசிரியை ஆகமாட்டேன் என்று ஒதுங்கிப் போனவரை இறைவன் எந்த வழியாகச் சுற்றி அழைத்து வந்து வகுப்பறைக்குள் விட்டார் என்பதுதான் இனி வரும் கதை.

மருத்துவராகப் பணி தொடங்கிய நாள்களில் அவர் உரோமையின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்று வந்தார். அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்தே அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று பணிப்பெண் வெறுப்போடு சொல்வாள். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்கள் இருந்தன. பிள்ளைகள் கையால் தொட, எடுக்க, உருட்ட அங்கே ஒரு பொருளும் இல்லை. அந்த ரொட்டித் துணுக்குகள் மட்டுமே அவர்கள் கைக்குக் கிடைத்தவை. குறை பிள்ளைகளிடம் மட்டுமல்ல, அறையிலும் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அவருடைய பிற்காலப் பணி முழுவதற்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்று நாம் கருதுகிறோம்.

இத்தார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900-இல் இத்தகைய குழந்தைகளுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியின் பொறுப்பை மருத்துவர் மொந்தெசானோவுடன் சேர்ந்து ஏற்றார். மரத்துண்டுகளாலும் துணிகளாலும் கைக்கு வேலை கொடுத்துக் கற்பித்தார். படிக்கவே மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்றார்கள். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு கற்றால், குறையில்லாத பிள்ளைகளை நம் பள்ளிகளில் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

இந்தக் காலத்தில் அவர் வாழ்வில் நேர்ந்த ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். பலவீனங்களும் உள்ள மனிதர். மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898-இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. மாரியோ என்ற அந்தக் குழந்தை உரோமைக்கு வெளியே கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தாய் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். மணமாகாத பெண் பிள்ளை பெற்றால் படிப்பும் வேலையும் பெயரும் ஒரே நாளில் போய்விடும் காலம் அது. ஊரார் பிள்ளைகளுக்காக அறை அமைத்த இந்தத் தாய், தன் பிள்ளையைத் தன் அறையில் வைத்துக்கொள்ள முடியாதவராக இருந்தார். இதை அறிந்துகொண்டு படிக்கும்போது அவர் வாழ்வின் மற்ற பக்கங்கள் நமக்கு இன்னும் நன்றாகப் புரிகின்றன.

உரோமையில் சான் லொரென்சோ என்ற பகுதி உண்டு. 1880-களில் வீட்டுமனை வியாபாரம் கொழித்தபோது அங்கே அடுக்குமாடி வீடுகளை மளமளவென்று எழுப்பினார்கள். பிறகு வியாபாரம் சரிந்து கட்டுமானம் பாதியில் நின்றது. கதவில்லாத, தண்ணீரில்லாத கட்டடங்களில் ஏழைகள் குடியேறினார்கள். பின்னர் ஒரு வீட்டுவசதி நிறுவனம், பொறியாளர் எதுவார்தோ தாலமோ தலைமையில், அந்தக் கட்டடங்களைச் சீரமைத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அப்போதுதான் புதுச் சிக்கல் எழுந்தது. பெற்றோர் இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத சிறுபிள்ளைகள் நாள் முழுதும் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அதைச் சரிசெய்ய நிறுவனத்துக்குச் செலவானது. அந்தச் செலவுக்குப் போகும் பணத்தைக் கொண்டு பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று தாலமோ எண்ணினார். அந்தப் பொறுப்பை மாண்டிசோரியிடம் கொடுத்தார்.

உலகெங்கும் பரவிய ஒரு கல்விமுறையின் தொடக்க மூலதனம், சுவரைப் பழுதுபார்க்க வேண்டியிருந்த பணம். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1907-ஆம் ஆண்டு சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. மார்சி தெரு 58-ஆம் எண் கட்டடத்தின் ஓர் அறையில் 50-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டி வைத்தார்கள். அழுக்கு நீங்கக் குளிப்பாட்டி, ஒரே மாதிரியான தடித்த நீலத்துணியில் தைத்த உடை மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றார்கள். எருசலேமே எழுந்து ஒளிவீசு என்று இறைவாக்கினர் எசாயா அழைக்கும் அந்தப் பெருவிழாவின் வாசகத்தை மாண்டிசோரி அங்கு வந்திருந்தோருக்கு நினைவுபடுத்தினார். மூவரசர்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுபோய் வைத்தது ஒரு குழந்தையின் முன்தான் அல்லவா! அன்று கூடியிருந்த பெரியவர்களுக்கு இது சற்று மிகையாகத் தோன்றியிருக்கலாம். அந்த அறைக்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது.

அன்புக்குரியவர்களே, இனி அந்த அறைக்குள் சற்று நின்று பார்ப்போம்.

நிறுவனத்தின் கணக்கில் அந்த அறை பள்ளிக்கூடம் அல்ல; கட்டட நிர்வாகத்தின் ஓர் அலுவலகம் போலத்தான். ஆகவே ஓர் அலுவலகத்துக்கு ஆகும் செலவுக்கு மட்டுமே அனுமதி. பள்ளி மேசைகள் வாங்க அதில் இடமில்லை. அன்றைய இத்தாலியப் பள்ளிகளில் மேசையும் இருக்கையும் ஒன்றாகப் பிணைத்துச் செய்திருப்பார்கள். உள்ளே நுழைந்து அமர்ந்துவிட்டால் பிள்ளை அசைய முடியாது. அப்படி அசையாமல் உட்கார வைத்தும் பிள்ளைகளின் முதுகெலும்பு வளைவதைக் கண்டு, வளையாமல் இருக்க இன்னும் இறுக்கமான மேசைகளை வல்லுநர்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரான மாண்டிசோரி இதைக் கடுமையாகச் சாடினார். முதுகை வளைக்கும் வேலையை நிறுத்தாமல், வளையும் முதுகுக்குக் கருவி செய்வது என்ன மருத்துவம் என்பது அவர் வாதம்.

அந்த மேசைகளை வாங்கப் பணம் இல்லாமற்போனது இறைவன் செயல் என்றே நமக்குத் தோன்றுகிறது. வாங்க முடியாததால் தச்சரிடம் சொல்லிச் செய்ய வேண்டியதாயிற்று. செய்யச் சொல்லும்போது அளவு சொல்ல வேண்டும். அளவு சொல்ல வேண்டுமானால் பிள்ளையைப் பார்க்க வேண்டும். முதலில் செய்த மேசைகள் மூன்று பிள்ளைகள் அமரும் நீளத்தில், உறுதியாக, பழைய முறைப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் போடப்பட்டன. புதுமை ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சிறு நாற்காலி. போகப்போக மேசையும் மாறியது. நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்தக்கூடிய எடையில், கழுவித் துடைக்கக்கூடிய வெளிர் நிறத்தில் செய்தார்கள். வெளிர் நிறம் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்று நாம் அடர் நிறத்தைத் தேடுவோம். அவரோ அழுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் பிள்ளை துடைக்கும் என்றார்.

இலேசான நாற்காலியை விழச்செய்து சத்தம் போடுவார்களே என்று பலரும் கேட்டார்கள். விழட்டும் என்பது அவர் பதில். நாற்காலி விழுந்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும், தான் சரியாக நடக்கவில்லை என்று. நான்காம் நாளோ பத்தாம் நாளோ அது விழாமல் நகர்த்தக் கற்றுக்கொள்ளும். தரையோடு அசையாத மேசை, பிள்ளையின் தடுமாற்றத்தை மறைத்து வைக்குமே தவிர திருத்தாது. கண்ணாடிக் குவளையையும் பீங்கான் தட்டையும் அவர் இதே காரணத்துக்காகத்தான் சிறு கைகளில் கொடுத்தார்.

கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. கைகழுவும் மேடை இறங்கியது. சவுக்காரமும் துண்டும் எட்டும் இடத்துக்கு வந்தன. சுவரில் படங்கள் மாட்டினார்கள். குழந்தைகள் இல்லத்துக்கு அடையாளமாக அவர் தேர்ந்துகொண்ட படம், இரஃபேல் வரைந்த, நாற்காலியில் அமர்ந்து இயேசு பாலனை அணைத்திருக்கும் மரியன்னை. நாற்காலியைப் பற்றி இவ்வளவு யோசித்தவர் அந்தப் படத்தைத் தேர்ந்தது தற்செயலோ என்னவோ!

பூட்டு விழுந்த அலமாரியின் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்த அறையின் வரலாறு நிறைவு பெறாது. கற்பிக்கும் பொருள்களை எல்லாம் உயரமான ஒரு பெரிய அலமாரியில் வைத்து, திறவுகோலை ஆசிரியை வைத்திருந்தார். அந்த ஆசிரியை முறையான பயிற்சி இல்லாத சாதாரணப் பெண். ஒருநாள் பூட்ட மறந்துபோனார். மறுநாள் சற்றுத் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் அலமாரி திறந்து கிடக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளை எடுத்து வைத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது, தண்டிக்க வேண்டும் என்றார். மாண்டிசோரிக்கோ வேறொன்று தெரிந்தது. எது எங்கே இருக்கிறது, எது தனக்கு வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பிறகு பூட்டிய அலமாரி போய், சிறு கைகளுக்கு எட்டும் தாழ்வான திறந்த அடுக்குகள் வந்தன. இதற்கு ஆன செலவு மிகக் குறைவு. ஆனால் ஆசிரியர் தன் கையிலிருந்த திறவுகோலை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நம் பள்ளிகளில் பணத்தைவிடக் கடினமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது.

எழுத்துகளின் கதையும் இதே போன்றது. முன்பு பணியாற்றிய பள்ளியில் மரத்தால் செதுக்கிய எழுத்துகளை வைத்திருந்தார். சான் லொரென்சோவில் அதுபோலச் செய்துகொள்ள முடியவில்லை. காகிதத்தில் எழுத்துகளை வெட்டினார். தச்சர்கள் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளிலும் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் எழுத்தின் வடிவத்தைக் கற்றார்கள். செதுக்கிய மரத்தைவிட இது நன்றாகப் பயன்பட்டது. எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளவும் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், வெயிலடித்த ஒருநாள் மாண்டிசோரி மொட்டைமாடியில் பிள்ளைகளோடு இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். அவர் பாராட்டினார். சிறுவன் அவரைப் பார்த்தான், பிறகு தரையில் கை என்ற சொல்லை எழுதினான். எழுதத் தெரிகிறது, எழுதத் தெரிகிறது என்று கத்திக்கொண்டே புகைபோக்கி என்று எழுதினான், கூரை என்று எழுதினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். யாரும் அவர்களுக்கு எழுதச் சொல்லித் தந்திருக்கவில்லை.

1908 டிசம்பர் 28-இல் சிசிலித் தீவின் மெசினா நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. பெற்றோரை இழந்த ஏறத்தாழ 60 குழந்தைகள் உரோமைக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கள் பெயர்கூடச் சொல்லத் தெரியாத, இரவில் அலறி எழுகிற பிள்ளைகள். ஜூஸ்தி தெருவிலிருந்த பிரான்சிஸ்கன் மரியாயின் மறைபரப்பு சகோதரிகளின் மடத்தில், மாண்டிசோரியின் முறைப்படி அவர்களுக்கென ஓர் இல்லம் அமைந்தது. சிறிய மேசை, சிறிய நாற்காலி, தோட்டம், மீன் தொட்டி, புறாக்கள். மேசை விரித்துத் தட்டு வைப்பது, ஒழுங்காகப் பரிமாறுவது, தோட்டத்தைப் பேணுவது என்று சகோதரிகள் அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது, சிரிப்பும் வந்தது.

இந்தச் சகோதரிகளை நமக்கு நன்றாகவே தெரியும். இச்சபை நம் நீலகிரி மலையில், உதகமண்டலத்தில் பிறந்தது. மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய பிரெஞ்சு நாட்டு அன்னை மரிய பாடுகளின் எலேன் தெ ஷப்போத்தேன் உதகையில் தொடங்கிய குழுமத்துக்கு, திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1877 சனவரி 6-இல் அனுமதி அளித்தார். அதுவும் ஒரு மூவரசர் திருநாள்! உதகையின் குளிரில் முளைத்த செடி உரோமையில் மெசினாவின் அநாதைகளுக்கு நிழல் தந்தது என்பதை எண்ணி, அந்தச் சகோதரிகள் நடத்தும் பள்ளிகளில் படித்தவர்கள் மகிழலாம்.

பிறகு புகழ் வந்தது. 1909-இல் வெளியான அவருடைய நூல் பல மொழிகளுக்குச் சென்றது. அமெரிக்கா அழைத்தது, இலண்டன் அழைத்தது. தாய் இறந்த பிறகு, 1913-இல், 15 வயதான மாரியோ அவரோடு வாழ வந்தார். அப்போதும் ஊருக்கு அவர் உறவுப் பையன் என்றே அறிமுகம்.

பார்சலோனாவில் அவர் செய்த பணி நம்மைப் போன்ற பங்குகளுக்கு மிக நெருக்கமானது. அங்கே அவருடைய பள்ளியோடு சேர்ந்து குழந்தைகளுக்கென ஒரு சிற்றாலயம் அமைந்தது. வகுப்பறையில் கேட்ட அதே கேள்வியை அவர் கோவிலிலும் கேட்டார். தீர்த்தத் தொட்டி பெரியவரின் முழங்கால் உயரத்தில் இருந்தது. சிறிய நாற்காலிகள், தாழ மாட்டிய புனிதர் படங்கள், பிள்ளை கையில் ஏந்தக்கூடிய சுரூபங்கள். பள்ளி நிலத்தில் பிள்ளைகள் கோதுமை விதைத்தார்கள், திராட்சைக் கொடி நட்டார்கள். அறுவடையிலிருந்து அப்பமும் இரசமும் ஆயத்தமாகும் பாதையைக் கைகளாலேயே அறிந்த பிறகு புதுநன்மைக்கு வந்தார்கள். திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1918-இல் அவருடைய பணிக்கு ஆசி வழங்கினார். திருப்பலியைக் குழந்தைகளுக்கு விளக்கும் நூல் ஒன்றையும் அவர் 1932-இல் வெளியிட்டார். நம் மறைக்கல்வி வகுப்புகள் பல இடங்களில் கோவிலின் பின்வரிசைப் பெஞ்சிலோ, பொருள்கள் அடுக்கிய கிடங்கின் மூலையிலோ நடக்கும்போது, பார்சலோனாவின் அந்தத் தீர்த்தத் தொட்டி நம் நினைவுக்கு வருகிறது.

அவர் வாழ்வில் நமக்கு நெருடலாக உள்ள இன்னொரு பகுதி, முசோலினியோடு கொண்ட உறவு. 1924 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அந்த அரசின் ஆதரவைப் பெற்றுத் தம் பள்ளிகளை வளர்த்தார். சர்வாதிகாரிக்கு வேண்டியது சொன்னபடி நடக்கும் பிள்ளைகள். மாண்டிசோரி வளர்த்ததோ தானே யோசித்து எழுந்து நடக்கும் பிள்ளைகளை. இந்த இரண்டும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-இல் உறவு முறிந்தது, இத்தாலியில் பள்ளிகள் மூடப்பட்டன. நாசி ஜெர்மனியிலும் அவ்வாறே. 1936-இல் உள்நாட்டுப் போர் அவரை ஸ்பெயினிலிருந்தும் துரத்த, நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். பணம் தருகிறார்கள் என்பதற்காக யாருடைய கையையும் பற்றலாமா என்று நாம் கேட்கலாம். பள்ளி நடத்தும் நமக்கு அந்தக் கேள்வி அடிக்கடி வரத்தான் செய்கிறது.

1939-ஆம் ஆண்டு இறுதியில், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேர் அவருடைய பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். அந்தச் சபையின் விருந்தாளியாக இருந்ததால் அவருடைய விசுவாசத்தை ஐயுற்றவர்களும் உண்டு. அவரோ கத்தோலிக்கராகவே வாழ்ந்தார், கத்தோலிக்கராகவே இறந்தார். இங்கே பிள்ளைகள் தரையில் பாய் விரித்து அமர்வதற்கு ஏற்ப, இந்திய மாண்டிசோரிப் பள்ளிகளில் நாற்காலிக்குப் பதில் குட்டை மேசைகள் வந்தன. முறை மாறவில்லை, பிள்ளை எப்படி உட்காருகிறதோ அதற்கேற்ப அளவுதான் மாறியது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் மாரியோவை ஆங்கிலேய அரசு அகமதுநகர் முகாமில் அடைத்தது. அடையாறு வளாகத்தை விட்டு வெளியேற முதியவருக்கும் தடை விதித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31, அவருடைய 70-ஆவது பிறந்தநாள். அதையொட்டி அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுதலை செய்வதாக அதில் இருந்தது. அந்தத் தந்தி மாரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. 42 ஆண்டுகள் ஊரார் முன் சொல்லாத சொல்லை, நம் சென்னையில், ஓர் அந்நிய அரசின் தந்தி சொல்லிவிட்டது. அந்தத் தாள் கைக்கு வந்த பொழுதில் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, பிள்ளையைப் பிரிந்து வாழ நேர்ந்த தாய்மார் அறிவார்கள். பின்னாளில் தம் உயிலில் அவரும் மகன் என்றே எழுதினார்.

1942 முதல் கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய சிறு பள்ளியில், செடிகொடி, பூச்சி, மண், விண்மீன் என்று படைப்பு முழுவதையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கும் எண்ணம் உருவானது. 1946-இல் ஐரோப்பா திரும்பிய பின்னும் மீண்டும் ஒருமுறை இந்தியா வந்து பயிற்சி அளித்தார்.

அவர் போன பிறகும் அந்தத் தாழ்வான கரும்பலகை தமிழகத்தில் ஒருமுறை பரவலாகத் தலைகாட்டியது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பிறகு தமிழகத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் செயல்வழிக் கற்றல் வந்ததை நம் ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எழுதக் கரும்பலகை தீட்டினார்கள். அட்டைகளைப் பிள்ளைகளே எடுக்கும்படி தட்டுகளில் அடுக்கினார்கள். அதில் குறைகளும் இருந்தன. அந்த முறை பின்னர் வேறு திட்டங்களுக்கு இடம் கொடுத்தது. ஆனாலும் அந்த மாற்றத்துக்குத் தேவைப்பட்டவை பாயும் அட்டையும் கரும்பலகை வண்ணமும்தான்.

நம் பங்குப் பேரவைகளில் பள்ளி வெள்ளிவிழாவுக்கு நுழைவு வளைவு கட்டுவதா, தரைக்குப் பளபளப்பான ஓடு பதிப்பதா என்று வாதம் நடக்கிறது. நன்கொடையாளர் பெயர் பொறிக்க வளைவு வசதியாக இருக்கிறது என்பதையும் நாம் அறிவோம். அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைக்கொண்டு மழலையர் அறையில் என்ன செய்யலாம்? பழைய பெஞ்சுகளின் காலைத் தச்சரை அழைத்து அறுத்துக் குறைக்கலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஓர் அடி உயர இருக்கை போதும். நாம் போடுவதோ ஒன்றரை அடி. பைகளை மாட்டும் ஆணியைக் கீழே இறக்கலாம். மூலையில் கிடக்கும் பழைய கதவுப் பலகையை இரண்டு செங்கல் வரிசைமேல் வைத்தால் திறந்த அடுக்கு ஆயிற்று. ஆடாமல் சுவரோடு பிணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கை கழுவ ஒரு குட்டை முக்காலி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குவளை. உப்புத்தாளில் அகரமுதல எழுத்துகளை வெட்டித்தர மரியாயின் சேனையினரும் இளையோரும் ஒரு சனிக்கிழமை வந்தால் போதும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், யாராவது ஒருவர் அந்த அறையில் முழங்காலில் நின்று, பிள்ளையின் கண் உயரத்திலிருந்து சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பெரும்பாலான நம் வகுப்பறைகளில் தெரிவது மேசையின் அடிப்பாகமும், வெறும் சுவரும், சன்னலின் கீழ்விளிம்பும்தான். நம் குழந்தை இயேசு படம்கூடக் கூரையை ஒட்டித் தொங்குகிறது.

1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகளும் நொபெல் அமைதிப் பரிசுக்கு மாண்டிசோரியின் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1990-இல் இத்தாலி தன் 1000 லிரா தாளில் அவருடைய முகத்தை அச்சிட்டது. யூரோ வரும்வரை ஏழைகளின் சட்டைப்பையிலும் இருந்த தாள் அது. அந்நாட்டு நாணயத்தாள்களில் மிகக் குறைந்த மதிப்புடையதும் அதுவே.

1952 மே 6-ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்த்வெய்க் என்ற கடலோர ஊரில் 81 வயதில் அவர் இறந்தார். கடைசி நேரம்வரை, ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதைப் பற்றியே மாரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்த வயதில் அவ்வளவு தூரம் எப்படி என்று மகன் தயங்கினார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.